ஆள் போகாத இடத்தில் மெசின் நின்றால்?

கேள்வி: 2025 ஓகஸ்ட் 10, உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர்

செவ்வாயில ரோவர் ஓடுது, வியாழனை என்னவோ சுத்துது என்று நாளும் பொழுதும் படம் வருது. சந்திரனில கால் வைச்சதுக்குப் பிறகு மனுசர் ஒரு கோளுக்கும் போகேல்லை. மெசினை அனுப்பிப் படம் எடுக்கிறதுக்குப் பேர் ஆராய்ச்சியா? அங்க ஒரு ஆணி கழண்டால் யார் போய் முறுக்குறது? ஆணிக்கே வழியில்லாத வேலைக்கு இவ்வளவு காசா?

2025 ஓகஸ்ட் 10, இரவு

ஆணி என்று சொன்னபடியால் வாய் திறக்கிறேன். முப்பது வருசமாய் அவுட்போர்ட் மோட்டார் திருத்துறவன் நான். கடை திருகோணமலையில, திருக்கடலூர்ப் பக்கம். விண்வெளி விசயம் வாசிக்கிறது ராத்திரிப் பைத்தியம்.

மூன்று வருசத்துக்கு முந்தி ஒரு விடியப்புறம் சம்மாட்டி ஒருத்தர் வந்து கதவைத் தட்டினார். அவருடைய ஃபைபர் போட் 60 மைல் வெளியில நிக்குதாம். மோட்டார் ஸ்டார்ட் ஆகி அஞ்சு நிமிசத்தில நிக்குது, கொஞ்சம் ஆறவிட்டால் திரும்ப ஸ்டார்ட் ஆகுது, திரும்ப நிக்குது. போனுக்கு அலை இல்லை. சம்மாட்டி வீட்டு வயர்லெஸ் செட்டுக்கும் அந்த போட் எட்டேல்லை. இடையில இன்னொரு போட் நின்றது. நான் கேட்கிறதை அவன் அங்க சொல்ல வேணும், அங்க சொல்றதை எனக்குச் சொல்ல வேணும். அவன் வலையை இழுத்துக்கொண்டே கதைச்சவன். ஒரு கேள்விக்குப் பதில் வரப் பத்து நிமிசம்.

மோட்டாரைப் பார்க்க ஏலாது, சத்தம் கேட்க ஏலாது, தொட ஏலாது. எது கேட்கிறது என்பது மட்டும்தான் என் கையில. "நிக்கேக்க சடாரெண்டு நிக்குதா, இழுத்து இழுத்து நிக்குதா?" இழுத்தாம். அப்ப கரண்ட் பக்கம் இல்லை, எண்ணெய்ப் பக்கம். "எண்ணெய்க் குழாயில இருக்கிற ரப்பர் பந்து உப்பியிருக்கா, சப்பிப் போய்க் கிடக்கா?" பதில் வர முந்தி எனக்கு ஒரு தேத்தண்ணி முடிஞ்சுது. சப்பையாம். "டாங்கி மூடியில இருக்கிற காத்துத் திருகாணியைத் திறக்கச் சொல்லு." அவ்வளவுதான். அதை இறுக்கி மூடிவைச்சிருந்தவங்கள். எண்ணெய் குறையக் குறைய டாங்கிக்குள்ள காத்துப் போகாமல், மோட்டார் உறிஞ்சி உறிஞ்சிப் பட்டினியில நின்றிருக்கு.

செவ்வாயில நடக்கிறதும் இதுதான். அங்க ஓடுற கியூரியோசிட்டி, பெர்சிவியரன்ஸ் என்ற ரெண்டு ரோவரும் அனுப்புற தரவில் பெரும்பங்கை, மேலே சுற்றுற விண்கலங்கள்தான் வாங்கிப் பூமிக்கு அனுப்புது. அவை என் நடுப் போட்காரன் மாதிரி. செய்தி போய்ச் சேர, செவ்வாய் கிட்ட வந்தால் ஒரு வழிக்கு 3 நிமிசம், தூரப் போனால் 22 நிமிசம். ரிமோட் பிடிச்சு ஓட்டுற விளையாட்டுக்கு அங்க இடமில்லை. இன்றைக்கு என்னென்ன செய் என்று எழுதி அனுப்பிவிட்டு, அது போய் விழுந்ததா எழும்பினதா என்று பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

யார் முறுக்குறது என்ற கேள்விக்கு நாளைக்கு வாறேன். கரண்ட் போகப் போகுது.

2025 ஓகஸ்ட் 11

60 மைல் இல்லையாம். அந்த நடுப் போட்காரன் இதை வாசிச்சிட்டு போன் எடுத்தான். "அண்ணை, 26. நீங்கள் சொல்லச் சொல்லக் கடல் பெருக்குது." சரி, 26. அவன் இழுத்ததும் வலை இல்லையாம், தூண்டிலாம். அதையும் திருத்தி வாசியுங்கோ.

2025 ஓகஸ்ட் 12, விடிய 5 மணி

டச்பே கடற்கரையில நிக்கிறேன். கச்சான் காத்து, மேகம் இல்லை. கிழக்கில விடிவெள்ளியும் வியாழனும் ஒட்டிக்கொண்டு நிக்குது. கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பிடிச்சால் ரெண்டும் மறையுது. தொழிலுக்குப் போற பொடியள் இறங்கிவந்து "அண்ணை, புது விமானமா?" என்று கேட்டிட்டுப் போறாங்கள்.

அந்தச் சின்னப் புள்ளியை, வியாழனை, சுத்திக்கொண்டு ஜூனோ என்ற விண்கலம் இருக்கு. 2016 ஜூலை 4 போய்ச் சேர்ந்தது. வியாழனின் கதிர்வீச்சு இலத்திரன் சாமான் எல்லாத்தையும் அரிச்சுத் தின்னும். ஜூனோவின் கமராவும் அப்படித்தான் 2023இல் கெட்டது. படம் முழுக்கக் கோடும் புள்ளியும். ஒரு சந்திரனுக்கு மிகக் கிட்டவாய்ப் போற நாள் நெருங்குது. (அந்தச் சந்திரனின் பேர் ஐயோ. நான் வைச்ச பேர் இல்லை.) எதைக் கழட்டுறது, எதை மாத்துறது? கமராவுக்குப் பக்கத்தில ஒரு சூடாக்கி இருந்தது, கையில இருந்தது அதுதான். அதை 25 பாகை வரைக்கும் ஏத்திப் பிடிச்சவை. சிலிக்கனைச் சூடாக்கினால் உள்ளே குழம்பின அணுக்கள் கொஞ்சம் இடத்துக்கு வரும் என்ற நம்பிக்கை. கொஞ்ச நாள் வேலை செய்தது, பிறகு திரும்பவும் மோசம். கடைசியாய், முழு வேகத்தில சூடாக்கி விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு இருந்தவை. நாள் நெருங்க நெருங்கப் படம் தெளிஞ்சுது. 2023 டிசெம்பர் 30 ஐயோவை 1,500 கிலோமீற்றர் கிட்டவாய்ப் போய் வடிவாய்ப் படம் எடுத்தது.

எங்கட பொடியள் கடலில விழுந்த போனை அரிசிக்குள்ள புதைச்சு வைக்கிற மாதிரி என்று எழுத வந்தேன். 25 பாகை என்றால் எங்களுக்கு மார்கழிக் குளிர். அதுக்குப் பேர் சூடு.

அந்தப் பெரிய புள்ளியை, வெள்ளியை, இப்ப ஒருத்தரும் சுத்தேல்லை. ஜப்பானின் அகட்சுகிதான் கடைசி, போன வருசம் ஏப்ரலோட சத்தம் நின்றது. அதைப் பற்றி வேறயாய் எழுத வேணும். அது என்ர தொழில் சம்பந்தப்பட்ட கதை.

2025 ஓகஸ்ட் 14

வொயேஜரைப் பற்றி ரெண்டு பேர் கேட்டிருக்கினம்.

வொயேஜர் 1 என்ற விண்கலம் வெளிக்கிட்டது 1977 செப்டெம்பர் 5. வியாழனையும் சனியையும் பார்த்திட்டு அப்படியே போய்க்கொண்டிருக்கு. 2023 நவம்பரில் அதில இருந்து வந்ததெல்லாம் குழப்பம், ஒன்றும் பூச்சியமும் திரும்பத் திரும்ப ஒரே கோலத்தில. கட்டளை போக இருபத்திரண்டரை மணித்தியாலம், பதில் வர அதேயளவு. ஒரு கேள்வி, ஒரு பதில், ரெண்டு நாள் முடிஞ்சுது. என்ர பத்து நிமிசத்தைப் பெரிசாய்ச் சொன்னதுக்கு வெக்கமாய்க் கிடக்கு.

2024 மார்ச்சில் இருட்டுக்குள்ள ஒரு குத்து விட்டுப் பார்த்தவை. வேலையை விட்டு மெமரியில வேற இடத்துக்குத் தாவிப் பார் என்ற மாதிரி ஒரு கட்டளை. அதுக்கு வந்த பதிலுக்குள்ள மெமரி முழுவதும் எழுதியிருந்தது. பழையதோட ஒத்துப் பார்க்க, ஏறத்தாழ 3 வீதம் பழுது, ஒரேயொரு மெமரிச் சில்லு. ஏப்ரல் 18 கட்டளை அனுப்பி, 20ஆம் திகதி நல்ல பதில் வாங்கிச் சில்லைத் திருத்திப்போட்டினம். நாற்பத்தாறு வருசத்துக் கணினி. அதைச் செய்தவர்களில் பலர் இப்ப இல்லை. பழைய தாளுகளைப் புரட்டித்தான் எது எங்க இருக்கு என்று பிடிச்சவை.

இந்தத் தாள் விசயம்தான் எனக்கு நெஞ்சில தைச்சது. எனக்கு வேலை பழக்கின ஐயாவிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. எந்த மோட்டாருக்கு எந்த ஜெட் நம்பர், பிளக் இடைவெளி எவ்வளவு, மண்ணெண்ணெய்க்கு மாத்தினால் என்ன கூட்டுறது என்ன குறைக்கிறது, எல்லாம் பென்சிலில. ஓரத்தில யார் யார் காசு தரேல்லை என்றும் இருக்கும். அவர் கண் மூட முந்தி என்னட்டத் தந்தவர். 2004 டிசெம்பர் 26 கடல் கடைக்குள்ள வந்தது, கொப்பி போயிட்டுது. மோட்டார்கள் ரெண்டு மூன்று மரத்தில தொங்கினது, அவற்றைப் பிறகு திருத்தினேன். கொப்பியை ஞாபகத்தில இருந்து திரும்ப எழுதப் பார்த்தேன், பாதிதான் வந்தது. இப்பவும் சில பழைய மொடல் வந்தால் கையைப் பிசைஞ்சுகொண்டு நிப்பேன்.

அதே 2004இல் வொயேஜர் 1இலயும் ஒன்று செத்தது. உருளாமல் நேராய்ப் பிடிக்கிற சின்ன உந்திகளின் சூடாக்கி. திருத்த ஏலாது என்று சொல்லி மாற்று உந்திகளுக்கு மாறிட்டினம். அந்த மாற்று உந்திகளின் குழாயும் அடைச்சுக்கொண்டு வர, இந்த வருசம் ஒருத்தருக்கு ஐமிச்சம்: சூடாக்கி சாகேல்லையோ? ஏதோ ஒரு அதிர்ச்சியில சுவிட்ச் மற்றப் பக்கம் விழுந்திருந்தால்? சுவிட்சைத் திருப்பிப் போடலாம். ஆனால் சூடாகாமல் உந்தி எரிஞ்சால் சின்னதாய் வெடிக்கலாம். காலமும் இல்லை. வொயேஜருக்குக் கட்டளை அனுப்புற வலு உள்ள அவுஸ்திரேலியாவின் 70 மீற்றர் அன்ரனாக் கிண்ணத்தை மே மாதத்தில இருந்து திருத்த வேலைக்கு மூட இருந்தவை. மார்ச் 20 துணிஞ்சு போட்டினம். சூடேறினது.

21 வருசம் செத்ததென்று சொன்ன சாமான், சுவிட்சைத் தட்டினதும் எழும்பினது. என்ர கடையிலயும் இப்படி ஒன்றிரண்டு மூலையில கிடக்கும் என்று அண்டைக்கே தட்டிப் பார்த்தேன். ஒன்றும் எழும்பேல்லை. அதுகள் உண்மையாகவே செத்ததுகள்.

2025 ஓகஸ்ட் 15

திருத்தம். நேற்று "சில்லைத் திருத்திப்போட்டினம்" என்று எழுதினேன். பிழை. அந்தச் சில்லு இன்னும் செத்துத்தான் கிடக்கு. அதில இருந்த நிரலை வேற இடத்துக்கு மாத்தினவை. முழுசாய்க் கொள்ள ஒரு இடமும் காணாது. துண்டு துண்டாய்ப் பிரிச்சு, கிடைச்ச மூலையில எல்லாம் வைச்சு, பிரிஞ்சும் ஒன்றாய் ஓடுற மாதிரி இணைச்சவை.

சுனாமிக்குப் பிறகு எங்கட வீடும் அப்படித்தான் நடந்தது. அலுமாரி பெரியம்மா வீட்டில, அடுப்பு மாமா வீட்டில, பிள்ளையளின் புத்தகம் பள்ளிக்கூட மேசைக்குள்ள. குடும்பம் ஓடினதுதானே.

2025 ஓகஸ்ட் 24

உப்புவெளிக்காரர் சொன்னதில பாதி சரி. பத்து நாளாய் யோசிச்சு எழுதுறேன்.

இன்சைட் என்ற, ஓடாமல் ஒரே இடத்தில நிக்கிற விண்கலம் 2018 நவம்பரில் செவ்வாயில இறங்கினது. அதோட ஒரு துளைக்கிற கம்பி போனது, ஒரு முழ நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே இருக்கிற சுத்தியல் அடிக்க அடிக்க மண்ணுக்குள்ள அஞ்சு மீற்றர் வரைக்கும் இறங்கி, செவ்வாயின் உள்சூட்டை அளக்க வேணும். இறங்கேல்லை. அடிக்கத் துள்ளினது, ஒருக்கால் வெளியிலயே வந்தது. அகப்பையால பக்கத்தில அமத்திப் பார்த்தினம், தலையில அமத்திப் பார்த்தினம். ரெண்டு வருசம் மல்லுக்கட்டி, 2021 ஜனவரியில் கைவிட்டினம். தலை மண்ணுக்குள்ள மறைஞ்சு ரெண்டு மூன்று சென்ரிமீற்றர், அதோட சரி.

காரணத்தைக் கேளுங்கோ. எங்கட நிலாவெளி மணலில குழி தோண்டினால் பக்கமெல்லாம் சரிஞ்சு விழும், அதுதான் எங்கட தலையிடி. அங்க சரிஞ்சு விழாததுதான் தலையிடி. மண் கட்டிபட்டு நின்றது, கம்பியைப் பிடிச்சு இறுக்கேல்லை. பிடி இல்லாமல் எப்படி இறங்கும்? மண்வெட்டியோட ஒரு ஆள் நின்றிருந்தால் அரை மணித்தியால வேலை. இதுக்கு என்னட்ட மறுமொழி இல்லை.

2025 ஓகஸ்ட் 24, பின்னேரம்

மறுமொழி கொஞ்சம் இருக்கு.

அதே இன்சைட்டின் சூரியத் தட்டில தூசி படிஞ்சு கரண்ட் குறைஞ்சுகொண்டு வந்தது. தட்டை ஆட்டிப் பார்த்தினம், தூசி போகேல்லை. பிறகு ஒரு ஆள் என்ன செய்தது தெரியுமோ? அகப்பையால மணலை அள்ளித் தட்டுக்குப் பக்கத்தில கொட்டச் சொன்னது. தூசியைப் போக்க இன்னும் மண்! காத்தில பெரிய மணிகள் துள்ளித் துள்ளித் தட்டின் மேலால போகேக்க, படிஞ்ச தூசியையும் இழுத்துக்கொண்டு போனது. ஒரு நாளுக்கு 30 வாற்-மணி கூடக் கிடைச்சது. எங்கட அம்மம்மா மண் போட்டுச் சட்டி தேய்ச்ச வித்தைதான். 2022 டிசெம்பர் வரைக்கும் மூச்சுப் பிடிச்சுது.

கியூரியோசிட்டியின் துளைகருவியும் இப்படித்தான். 2016 டிசெம்பரில் துரப்பணத்தை முன்னே தள்ளுற பொறி மக்கர் பண்ணினது. ஒன்றரை வருசம் பூமியில இன்னொரு ரோவரை வைச்சுப் பழகி, தள்ளுற பொறியை விட்டிட்டுக் கையையே வைச்சு அழுத்தித் துளைக்கிற முறையைக் கண்டுபிடிச்சினம். வீட்டுச் சுவரில நாங்கள் டிரில் பிடிக்கிற மாதிரி. 2018 மே மாதம் திரும்பத் துளைச்சது.

காசு கேட்டவருக்கு: செவ்வாயைச் சுத்தின இந்தியாவின் மங்கள்யான் 450 கோடி இந்திய ரூபாய். ஆறு மாதத்துக்கு என்று போய் எட்டு வருசம் வேலை செய்தது. என்னட்ட ஆறு மாத வாரண்டியோட வந்து எட்டு வருசம் ஓடின மோட்டார் ஒன்றும் இல்லை.

2025 செப்டெம்பர் 1

ஐரோப்பாவின் ஜூஸ் நேற்று வெள்ளியைக் கடந்து போயிட்டுது. வியாழனுக்குப் போற விண்கலம், 2031இல்தான் போய்ச் சேரும். வெள்ளி இழுத்து வேகம் கொடுத்து எறிஞ்சுவிடும். வாடைக்கு வள்ளம் விடுறவனுக்குத் தெரியும், நேர்வழி எல்லாம் கெதியான வழி இல்லை.

இதிலயும் ரெண்டு ஆணிக் கதை. 2023 ஏப்ரலில் ஏவினது. பனிக்கட்டிக்குள்ள ஊடுருவிப் பார்க்கிற 16 மீற்றர் அன்ரனா விரியேல்லை. ஒரு சின்ன ஊசி இறுகியிருக்கு என்று கணிச்சினம். அன்ரனாவைச் சூரியன் பக்கம் திருப்பிச் சூடாக்கினம், உந்திகளை எரிச்சு உலுக்கினம். கடைசியாய்ப் பக்கத்துப் பூட்டு ஒன்றை அடிச்சுத் திறக்க, அந்த அதிர்ச்சியில ஊசி நகர்ந்தது. இறுகின நட்டுக்கு நான் செய்யிறதும் இந்த மூன்றும்தான்: சூடாக்கு, உலுக்கு, பக்கத்தில அடி.

மற்றது போன ஜூலை. வெள்ளிக்குப் போக ஆறு கிழமை இருக்க, ஜூஸ் பேச்சை நிறுத்தினது. கேட்டால் பதில் இல்லை. 20 மணித்தியாலம் வரைக்கும் கண்ணைக் கட்டிக்கொண்டு கட்டளை அனுப்பிக்கொண்டிருந்து, ஒன்று பிடிபட்டது. விசயம் என்னவென்றால் உள்ளே ஒரு மணிக்கூடு 16 மாதத்துக்கு ஒருக்கால் பூச்சியத்துக்கு வரும். அது பூச்சியமாகிற அதே கணத்தில, பூமிக்குச் செய்தியை வலுவாக்கி அனுப்புற அலைபெருக்கியைப் போடச் சொல்லியிருக்கு. அது போடுபடவே இல்லை. பழுதே இல்லாத பழுது. இப்படியான மோட்டார்கள் எனக்கும் வந்திருக்கு, கடைக்குக் கொண்டுவந்தால் நல்லாய் ஓடும்.

2025 செப்டெம்பர் 8

நேற்று ராத்திரி கிரகணம். பதினொரு மணிக்குச் சந்திரன் செப்புச் சட்டி மாதிரி வந்திட்டுது. டச்பேயில சனம். வீட்டில மனிசி எட்டு மணிக்கே சாப்பாட்டை முடிச்சு மிச்சத்தில தர்ப்பை போட்டு வைச்சிட்டா. அறிவியல் கதைக்கிற நானும் பசியோடதான் போனேன், வாக்குவாதம் வேண்டாம் என்று.

ஒரு வாத்தியார் தொலைநோக்கி கொண்டுவந்து சந்திரனுக்குக் கிட்ட நின்ற சனியைக் காட்டினார். பிள்ளையள் வரிசையில. எட்டு வயசுப் பெட்டை ஒன்று பார்த்திட்டுக் கேட்டது: "சேர், வளையத்தைக் கழட்டி வைச்சிட்டாங்களா?" உண்மையில ஒரு ஈர்க்கு மாதிரித்தான் தெரிஞ்சது. இந்த வருசம் வளையத்தை நாங்கள் விளிம்பில இருந்து பார்க்கிறோம். பதினைஞ்சு வருசத்துக்கு ஒருக்கால் இப்படி. பெரும்பாலான இடத்தில வளையத்தின் தடிப்பு 10 மீற்றர் அளவு, இங்க நிக்கிற பலநாள் படகு ஒன்றின் நீளம். அகலமோ பூமிகளை வரிசையாய் அடுக்கலாம்.

கசினி என்ற விண்கலம் 13 வருசம் அங்க சுத்தி, 2017 செப்டெம்பர் 15 சனிக்குள்ளயே விழுத்தப்பட்டது. எரிபொருள் முடிஞ்சு தறிகெட்டுப் போய் என்செலடஸ் என்ற சந்திரனில விழுந்தால், அங்க பனிக்கு அடியில இருக்கிற கடலுக்குள்ள எங்கட கிருமி போயிடும் என்ற பயம். பழசான வள்ளத்தை ஆற்றுவாயில விட்டிட்டுப் போற எங்கட ஆக்களுக்கு இதை வாசிச்சுக் காட்ட வேணும்.

2025 செப்டெம்பர் 11

நேற்று வந்த செய்தியைப் பற்றி. பெர்சிவியரன்ஸ் போன வருசம் ஜூலையில ஒரு பாறையைத் துளைச்சு எடுத்து வைச்சது. பாறையில சிறுத்தைப் புள்ளி மாதிரிப் புள்ளிகள். புள்ளிக்குள்ள இரும்பும் பொஸ்பேற்றும் சேர்ந்த கனிமம் ஒன்று, இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் ஒன்று. பூமியில இந்த ரெண்டும் சேற்றுக்குள்ள நுண்ணுயிர் அழுகலைத் தின்னுற இடத்தில உண்டாகிறது வழக்கம்.

அது கிடக்கிற ஜெசெரோ ஒரு பள்ளம், 45 கிலோமீற்றர் அகலம். ஒரு காலத்தில ஆறு வந்து விழுந்து ஏரியாய்க் கிடந்தது. ஆறு கொண்டுவந்த வண்டல் விசிறி மாதிரிப் படிஞ்சிருக்கிறதை மேல இருந்து எடுத்த படத்தில பார்க்கலாம். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் கொட்டியாரக்குடாதான் ஞாபகம் வந்தது. 335 கிலோமீற்றர் ஓடிவந்த மகாவலி மூதூர்ப் பக்கத்தில வந்து சேற்றைக் கொட்டுற இடம். மோட்டார் திருத்த அங்க போய் முழங்கால் வரைக்கும் புதைஞ்சிருக்கிறேன். மேலே மண்ணிறம், காலை இழுத்தால் உள்ளே கரிக் கறுப்பு. அழுகின முட்டை மணம். கறுப்புக்குக் காரணம் இரும்பும் கந்தகமும்தான், அதைச் செய்யிறது காத்தில்லாத சேற்றுக்குள்ள இருக்கிற நுண்ணுயிர். ரெண்டு நாளைக்குக் கால் மணக்கும், மனிசி வீட்டுக்குள்ள எடுக்கமாட்டா.

செவ்வாயிலயும் அந்த மணம் ஒருக்கால் இருந்திருக்குமோ என்று நேற்று முழுக்க யோசிச்சுக்கொண்டு காப்ரேட்டர் ஒன்றைப் பிழையாய்ப் பூட்டிப்போட்டேன்.

2025 செப்டெம்பர் 12

இல்லை, உயிர் கண்டுபிடிச்சிட்டினம் என்று நான் சொல்லேல்லை. பகிர்ந்தவர் தலைப்பை மாத்தவும். உயிர் இல்லாமலும் அந்தக் கனிமங்கள் உண்டாகலாம், ஆராய்ஞ்ச விஞ்ஞானிகளே அப்படித்தான் எழுதியிருக்கினம். நிச்சயமாய்ச் சொல்ல அந்தக் கல்லு பூமிக்கு வர வேணும். கல்லு குழாய்க்குள்ள அடைச்சுத் தயார். கொண்டுவாற வண்டி இன்னும் கிளம்பேல்லை. உப்புவெளிக்காரருக்கு இன்னொரு புள்ளி.

2025 செப்டெம்பர் 20

அகட்சுகியை முந்தநாள் ஜப்பான்காரர் முறைப்படி முடிச்சு வைச்சிட்டினம். எழுதுறேன் என்று சொன்ன கதை.

2010 மே மாதம் ஏவினது. டிசெம்பர் 7 வெள்ளியிட்டப் போய், பெரிய மெசினை எரிச்சு வேகத்தைக் குறைச்சுச் சுற்றுக்குள்ள விழ வேணும். எரிய வேண்டிய நேரத்துக்கு முந்தியே மெசின் நின்றுபோனது. வெள்ளியைத் தாண்டி ஓடி, சூரியனைச் சுத்தத் தொடங்கிட்டுது. என்ன நடந்தது? எரிபொருள் தொட்டிக்கு அழுத்தம் கொடுக்கிற வழியில ஒரு வால்வு. அதில உப்புப் படிஞ்சு அடைச்சிட்டுது.

உப்பு! இதை வாசிச்ச அண்டைக்கு நான் சிரிச்ச சிரிப்பில மனிசி எழும்பி வந்திட்டா. எங்கட உப்பு கடலால வாறது. அதுக்குள்ள வந்தது எரிபொருளின் ஆவியும், அதை எரியவைக்கிற ஒட்சியேற்றியின் ஆவியும் சந்திச்சுப் படிஞ்ச உப்பு. வேற உப்பு, அதே சனியன். முப்பது வருசத்தில நான் சுரண்டின உப்பை நிறுத்தால் ஒரு வள்ளம் தாழும்.

எரிபொருள் சரியாய் வராமல் மெசின் தாறுமாறாய்ச் சூடாகி வாயும் உடைஞ்சுபோனது. என்ன செய்தினம்? பொறுத்திருந்தினம். சூரியனைச் சுத்திச் சுத்தித் திரும்ப வெள்ளிக்குக் கிட்ட வாறதுக்கு அஞ்சு வருசம். வடிவமைச்சதை விடச் சூரியனுக்குக் கிட்டப் போய் வெந்து வெந்து வந்தது. பெரிய மெசினுக்கு என்று வைச்சிருந்த ஒட்சியேற்றியை, இனி உதவாது என்று வெளியில ஊத்திப் பாரத்தைக் குறைச்சினம். 2015 டிசெம்பர் 7, அதே திகதி, முகம் திருப்ப மட்டும் வைச்சிருந்த நாலு சின்ன உந்திகளை 20 நிமிசம் எரிச்சினம். வெள்ளி பிடிச்சுக்கொண்டது. பிறகு எட்டு வருசத்துக்கு மேல வெள்ளியின் மேகத்தைப் பார்த்தது.

ஒரு பேச்சுக்கு யோசியுங்கோ: நாற்பது குதிரை மோட்டார் செத்து, சாமான் எல்லாம் கடலில எறிஞ்சு, துடுப்பால வலிச்சுத் துறைமுக வாய்க்குள்ள சரியாய் நுழையிறது. அதுவும் அஞ்சு வருசம் வெளியில மிதந்த பிறகு.

அகட்சுகி என்றால் ஜப்பான் பாசையில விடியற்பொழுதாம்.

2025 ஒக்டோபர் 5

அலட்டல், வேலை இல்லாதவை மட்டும் வாசியுங்கோ. மருமகளுக்குச் செவ்வாய் தோசம் என்று கோயிலுக்கு வந்தோம். நவக்கிரகத்தை ஒன்பது தரம் சுத்தச் சொல்லி ஐயர் சொன்னார். சுத்தேக்க எனக்கு ஒடிசி என்ற விண்கலத்தின் ஞாபகம். 2001 ஒக்டோபரில் இருந்து செவ்வாயைச் சுத்துது, போன வருசம் ஜூனில் ஒரு லட்சம் சுற்று முடிஞ்சுது. இவ்வளவு சுத்தியும் அதுக்குத் தோசம் கழியேல்லை: எண்ணெய் முடியப் போகுது. எவ்வளவு மிச்சம் என்று காட்டுற மீற்றரும் இல்லை. டாங்கியைச் சூடாக்கி, எவ்வளவு கெதியாய்ச் சூடேறுது என்று பார்த்து மிச்சத்தைக் கணக்குப் போட்டினம். நாலு கிலோ அளவு. எங்கட ஆக்கள் டாங்கியைத் தட்டிச் சத்தம் கேட்பினம். தட்ட ஆளில்லாதபடியால் சூடு.

அந்தப் பேர் வைச்சது ஆதர் சி. கிளார்க்குக்கு மரியாதையாய். கோணேசர் மலைக்குக் கீழ 1956இல் மைக் வில்சனோட மூழ்கிப் பழைய கோயில் தூண்களைப் பார்த்த அதே கிளார்க்தான். மலை விளிம்பில நின்று மருமகளுக்கு இதைச் சொன்னேன். "மாமா, மாப்பிள்ளை வீட்டுக்காரர் முன்னால இதொண்டும் கதையாதேங்கோ" என்றாள்.

2025 ஒக்டோபர் 19

கேள்வி கேட்ட உப்புவெளிக்காரர் இண்டைக்கு போன் எடுத்தார். சின்னப் பொடியன், நான் ஒரு வயசாளி என்று நினைச்சிருந்தேன். சீசனுக்குப் புறாத்தீவுக்கு ஆள் ஏத்துற போட் வைச்சிருக்கிறானாம். மாரி தொடங்க முந்தி ஏத்திவைக்கப் போக, மோட்டார் தண்ணி பீச்சேல்லையாம்.

"அண்ணை, நீங்கள்தான் அவ்வளவு எழுதினீங்களே. அங்க இருந்தே சொல்லுங்கோவன், நான் கழட்டுறேன்."

"எத்தினை நாளாய்ப் பீச்சேல்லை?"

"ஒரு கிழமை இருக்கும்."

"ஒரு கிழமையும் ஓட்டினனீரோ?"

சத்தம் இல்லை.

"தம்பி, இம்பெல்லர் உருகியிருக்கும். உள்ளே உப்புக் கட்டியாய் இருக்கும். போனில ஒண்டும் ஏலாது. தூக்கிக்கொண்டு வாரும்."

"அப்ப ஆள் போகத்தானே வேணும்?"

"ஆள் போகேல்லை, மோட்டார் வருது. ஓட்டோவில போடேக்க நிமிர்த்திப் போடும், படுக்கப் போடாதேயும்."

தீபாவளி கழிச்சுக் கொண்டுவாறான்.

2025 ஒக்டோபர் 23

கொண்டுவந்தான். படுக்கப் போட்டுத்தான்.